பூஜ்யம் புள்ளி பூஜ்யம்

பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்.
வேலூர் விழுந்திருக்கும் கட்டத்துக்குள்
கோட்டை அகழியும் காட்பாடி ஜங்ஷனும்
சத்துவாச்சாரிப் பாலத்தடியில் பழம் விற்கிறவளும்
பாலாற்று மணலும்
ஒரே எண்.
மலைகளைக்கூட அது
இஸ்திரி போட்டுத்தான் வைத்திருக்கிறது.

மாதிரி என்றுதான் அதற்குப் பெயரே.
மழை மாதிரி, காற்று மாதிரி.
கத்திரி வெயிலில் நாலு மணிக்கு மேல்
கைலாசகிரிப் பக்கம் திடுமெனக் கருக்கிற மேகம்
மாதிரியில் இல்லை.
இல்லை என்பது மேகத்துக்குத் தெரியாது.

மே இருபத்து மூன்று.
பொய்கை செங்கல் சூளையிலிருந்து தேசம்மா போனில்:
"வருமா, வராதா?"
நாற்பது சதவீதம் என்றேன்.
"இன்னாம்மா இது.
பத்து வரிசை பச்சைக்கல்லு கீது.
நாலு வரிசைக்குத் தார்ப்பாய் போட்டுடட்டா?"

சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை,
நாலு வரிசைக்குத்தான் போட்டாள்.
இருந்த தார்ப்பாயே அவ்வளவுதானாம்.

இரவு ஐந்தரை சென்டிமீட்டர்.
காலையில் போய் நின்றேன்.
மூடாத ஆறு வரிசை
அச்சு மறந்து, மூலை மறந்து,
ஏரியிலிருந்து வந்த சேறாகவே
திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.
என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை.
மண்வெட்டியை எடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் பழைய பதிவேடுகளைத் தேடிப் போனோம்.
தாலுகா அலுவலகம், பின்னறை,
ஓட்டை ஜீப் டயர்களுக்குப் பின்னால்
பதினான்கு வருட மழை.
தினம் காலை எட்டரை மணி அளவு,
பக்கத்துக்குப் பக்கம் ஒரே கையெழுத்து:
ச. மார்க்கசகாயம்.
விரிஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவாராம்,
பியூன் சொன்னதாக இன்னொரு பியூன் சொன்னார்.

நானும் பிரிசில்லாவும் தட்டச்சு செய்தோம்.
எண்ணாகத் தின்றுதான் இயந்திரம் கற்கும்,
கற்றதைத்தான் கக்கும்.
மூன்றாம் வாரம் பிரிசில்லா நாற்காலியைத் திருப்பினாள்.
"அக்கா, ஞாயித்துக்கெழம
மழைக்கும் லீவா?"

ஆமாம். எந்த ஞாயிறும் 0.0.
ஐப்பசி ஞாயிறும் 0.0.
திங்கள் மட்டும் எப்போதும்
கொஞ்சம் கூடுதலாய் நனைந்திருந்தது.
ஒரு மனிதர் வீட்டில் இருந்ததை
வானம் சும்மா இருந்ததாக
நாங்கள் பாடம் எடுத்திருப்போம்.

கோபம் வரத்தான் வந்தது.
அந்தப் பக்கம் திரும்பும் வரை.
ஒரே ஒரு ஞாயிறு, 143.2.
ஓரத்தில் பென்சிலில்,
"ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றார்கள்.
பார்க்க வந்தேன். அளந்தும் வைத்தேன்."

மற்ற எழுநூற்று இருபத்தொன்பது ஞாயிறுகளையும்
மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று மாற்றினோம்.
தெரியாது என்பதற்கு
இயந்திர பாஷையில் அதுதான் சொல்.
இல்லை வேறு, தெரியாது வேறு.
இதைக் கற்க
அதற்கு ஒரு ராத்திரி ஆனது.
எனக்கு எத்தனை வருடம் என்று
இங்கே எழுதப்போவதில்லை.

மாதிரி கொஞ்சம் தேறியது.
கொஞ்சம்தான்.
ஜூன் ஒன்பதாம் தேதி எழுபது சதவீதம் என்றது;
தேசம்மா கடன் வாங்கிப் பத்து வரிசையும் மூடினாள்.
ஒரு சொட்டு இல்லை.
"ஒரு நாள் காய்ச்சல் போச்சு" என்றாள்.
எழுபதுக்குள் ஒரு முப்பது உண்டு என்று
நான் விளக்கவில்லை.

பதிலுக்கு ஒரு மழைமானி வாங்கிப் போனேன்.
சூளைக்கு எட்டத்தில், மரநிழல் படாத மேட்டில்
அவளே குழி தோண்டி நட்டாள்.
அளவுகோலை எப்படிப் பிடிப்பது,
கண்ணை எந்த மட்டத்தில் வைப்பது,
அரை மணி நேரப் பயிற்சி.
"இதுக்குச் சம்பளம் உண்டா?"
இல்லை என்றேன்.
"அப்ப லீவும் கெடையாதா" என்றாள்.

இன்று ஞாயிறு.
எட்டு முப்பத்திரண்டுக்கு அவள் குரல் வந்தது,
பின்னால் சேவலும் லாரி ஹாரனும்:
"சைபர் புள்ளி சைபர்.
போய்ப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."